கொசுறாக ஓர் ஆறு

மலை ஏறி இறங்கி மாதங்கள் ஆகிவிட்டன. முட்டி மட்டும் அந்த நாளை விடமாட்டேன் என்கிறது. மாவாட்ட உட்கார்ந்தால் ஒரு முறை, எழுந்தால் ஒரு முறை சொல்லிக்காட்டுகிறது. செஞ்சியில் பிறந்து, செஞ்சிக் கடைத்தெருவிலேயே வாழ்க்கைப்பட்டு, கொல்லைக் கதவைத் திறந்தால் கோட்டை மலை தெரிகிற வீட்டில் நாற்பதைத் தாண்டியவள் நான். அதுவரை ராஜா கோட்டையின் உச்சியை மிதித்ததில்லை. கோட்டை வெளியூர்க்காரர்கள் பார்ப்பதற்கு. எங்களுக்கு அது, மேகம் எந்தப் பக்கம் திரள்கிறது, கொடியில் கிடக்கும் துணியை எடுக்கலாமா வேண்டாமா என்று அண்ணாந்து பார்க்கிற இடம்.

என்னை ஏறவைத்தவள் என் சிநேகிதி.

அவள் மேல்சித்தாமூரில் ஒரு நயினார் வீட்டுப் பெண். சமணக் குடும்பம். தாய்மாமன் வீடு செஞ்சியில் இருந்ததால் சிறு வயதில் இங்கே தங்கி என்னோடு ஒரே பெஞ்சில் படித்தாள். பிறகு அவள் ஊருக்கே கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் போன பிறகு நிலம் அவள் தலையில் விழுந்தது. வேர்க்கடலைக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டைக்கு, விதை வாங்க, விளைந்த மூட்டையை விற்க, வரப்புத் தகராறுக்குக் கோர்ட்டு வாசலில் நிற்க என்று பாதி ஆயுளைப் பஸ்ஸிலேயே கழித்தாள். செஞ்சிக்கு வரும்போதெல்லாம் எங்கள் மளிகைக் கடைக்குள் நுழைவாள். மூட்டைகளுக்கு நடுவே புடவையை ஒதுக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்து, "தண்ணி குடுடி, வடிகட்டிக் குடு" என்பாள். வடிகட்டாத தண்ணீர் அவள் குடிக்கமாட்டாள். அவளுக்கென்றே ஒரு வெள்ளைத் துணி எங்கள் அடுக்களை ஆணியில் தொங்கியது.

மாசி மாதத்தில் ஒரு நாள் அப்படி வந்தவள், தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க ஊர்க் கோயில் தேருக்கு முந்தி திசை விரதம் எடுக்கப்போறேண்டி."

"அது இன்னாது?"

"நாலு திக்குலயும் ஒரு கோடு போட்டுக்கணும். மலையோ ஆறோ ஏரியோ, ஊருக்கெல்லாம் தெரிஞ்ச அடையாளமாச் சொல்லணும். அப்பறம் உசுரு இருக்கற வரைக்கும் அந்தக் கோட்டத் தாண்டி கால் வைக்கக் கூடாது. கோட்டுக்கு அந்தாண்ட என் காலால ஒரு எறும்பு சாவாது. அங்க நடக்கற எந்தப் பாவத்துலயும் எனக்குப் பங்கு இல்ல."

பசங்கள் இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார்களாம். இனி அலைய வேண்டியதில்லையாம். கிழக்கு, வடக்கு, தெற்கு மூன்றும் முடிவாகிவிட்டது. அவள் ஊர்ச் சமண மடத்தில் சொல்லியும் விட்டாள். மேற்கு மட்டும் பாக்கி. மேல்சித்தாமூருக்கு மேற்கேதான் நாங்கள் இருக்கிறோம். அவள் வருகிற பஸ் சங்கராபரணி ஆற்றைத் தாண்டித்தான் செஞ்சிக்குள் நுழையும். ஊருக்கு அப்பால் கோட்டை மலை. கோடு ஆறு என்று வைத்தால் செஞ்சி வெளியே. மலை என்று வைத்தால் செஞ்சி உள்ளே. ஆறு என்று சொல்லிவிட்டால் அவள் இனி எங்கள் வீட்டுக்கு வரவே மாட்டாள். சாகும்வரை.

"மலைன்னு சொல்லிடு" என்றேன். சாதாரணமாகச் சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

"சொல்றது சுலுவு. காக்கணுமே. கோடு பெருசா இருந்தா அலைச்சலும் பெருசு." சொம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினாள். "மேல ஏறி நின்னு ஒருதரம் பாக்கறேன். எம்மாந்தூரம், எதுக்காக வரப்போறேன்னு கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்."

எனக்கு அவளைப் புரியவில்லை. ஓர் இடத்தில் உட்கார முடியாதவள் நான். அடுப்படியில் நின்றால் மனம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும், பஸ் ஸ்டாண்டில் நின்றால் பஸ்ஸின் கூரைமேல் ஏறி உட்கார்ந்து எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். உடம்பு என்னவோ கடைக்கும் கொல்லைக்கும் நடுவேதான் தேய்ந்தது. போக முடிகிறவள் போகமாட்டேன் என்று கோடு போட்டுக்கொள்கிறாளே என்று இருந்தது. அவளுக்கு அலுப்பு ஊர் ஊராகச் சுற்றியதில் வந்தது. எனக்குச் சுற்றாமலே வந்தது.

பங்குனி அமாவாசைக்கு மறுநாள் என்று வைத்துக்கொண்டோம். அமாவாசையன்று மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் கடைத்தெருவை ஏறி மிதித்துவிட்டுப் போகும். மறுநாள் என் வீட்டுக்காரர் கடைக்கு ஓய்வு விடுவார். அவரையும் கூட்டிக்கொண்டு போவதென்று ஆனது. கூட்டிக்கொண்டு போவதென்ன, அவரே கிளம்பிவிட்டார். கோட்டை மலையில் சிறுத்தை இருப்பதாக யாரோ கல்லாப்பெட்டிக்கு எதிரே நின்று அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். விறகு வெட்டப்போனவன் பார்த்தானாம், ஆட்டை இழுத்துக்கொண்டு போனதாம். தாலுகா ஆபீசில் வேலை செய்கிற வாடிக்கைக்காரர் ஒருவரிடம் இவர் பைனாகுலர் இரவல் வாங்கி வந்தார். முதல் நாள் இரவு முழுக்க அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வெய்யில்ல சிறுத்த வருமா?" என்றேன்.

"நீ சோத்தக் கட்டு. சிறுத்த விசயம் நான் பாத்துக்கறேன்."

சோறு என்றால் அவள் சாப்பிடுகிற சோறு. வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, மண்ணுக்கடியில் விளைகிற கிழங்கு எதுவும் கிடையாது. எலுமிச்சம்பழச் சாதமும் வாழைக்காய் வறுவலும் செய்தேன். முக்கியமானது, சூரியன் இருக்கும்போதே அவள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். பொழுது விழுந்தபின் அவள் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படாது. மறுநாள் சூரியன் வந்த பிறகுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கே கீழே இறங்கிவிடுவோம் என்றுதான் கணக்கு.

காலையில் பஸ்ஸில் வந்து இறங்கினாள். "சும்மா ஒரு நாழி" என்று கடையைத் திறந்த இவர், ஒரு நாழியில் மூடவில்லை. ஜட்கா வண்டி பிடித்து நாங்கள் கோட்டை வாசலில் இறங்கும்போதே வெயில் தார் போல உருகிக்கொண்டிருந்தது.

வாசலில் இருந்த காவல்காரர் எங்கள் கூடையைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"அம்மா, கூடையோட மேல போனீங்கன்னா கூடை மட்டும் மேல போவும், நீங்க கீழ வருவீங்க. கொரங்குங்க பண்ற அட்டூழியம் தாங்கல. நேத்து ஒரு வாத்தியாரு வேட்டிய உருவிடுச்சி. இங்கியே வெச்சிட்டுப் போங்க."

"சிறுத்த கண்ல படுமா?" இவர் பைனாகுலரைக் கழுத்தில் சரிசெய்துகொண்டார்.

காவல்காரர் இவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "அது ஒங்களப் பாக்கும். நீங்க அதப் பாக்கறது கஷ்டம்."

கூடையை அவர் அறையில் வைத்துவிட்டோம். சிநேகிதி தன் சொம்புத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டாள். வாயில் வெள்ளைத் துணி கட்டிய பித்தளைச் சொம்பு.

முதலில் கீழ்க்கோட்டையைச் சுற்றினோம். கல்யாண மகாலுக்குள் நுழைந்ததும் வௌவால் நெடி மூக்கைப் பிடித்தது. மாடி மாடியாக ஒடுங்கிக்கொண்டே போகிற அந்தக் கட்டடத்தின் ஜன்னல்களில் காற்று நுழைவதும் இல்லை, வெளியேறுவதும் இல்லை. யாரோ பெருமூச்சு விட்டு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் போனதுபோல உள்ளே ஒரு புழுக்கம். நெற்களஞ்சியத்தில் இவர் நின்றுவிட்டார். குகை மாதிரி வளைந்த கூரையைக் கைதட்டிப் பார்த்தார், எதிரொலி வந்தது.

"இம்மாம் பெரிய கொடவுன். எலி வராம எப்பிடிக் காத்தானுங்க?"

"ராஜாவையே காக்க முடியல, எலியக் காத்தாங்களாம்" என்றேன்.

சிநேகிதி தலை குனிந்தே நடந்தாள். அவள் நடை எப்போதும் அப்படித்தான். அடுத்த அடி எங்கே என்று பார்த்த பிறகுதான் கால் நகரும். இவருக்கோ கண் எப்போதும் எதிர்மலையில். இரண்டு பேருக்கும் நடுவில் என் கண் எங்கும் நிற்காமல் அலைந்தது. இவர் "அதோ!" என்று கத்துவார், பார்த்தால் பாறை. இன்னொரு "அதோ!", பார்த்தால் பாறையின் நிழல். மதிலோரம் ஒரு கீரி, எங்களை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் குறுக்கே போனது. சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த உடும்பு ஒன்று தொண்டையை மட்டும் அசைத்தது. அதையெல்லாம் இவர் கணக்கில் சேர்க்கவில்லை.

படிக்கட்டு தொடங்கியது. ராஜா கோட்டைப் படிகளை ஆளுக்கு ஏற்றபடி யாரும் கட்டவில்லை. ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது கையகலம். ஏறுகிறவன் தூங்கிவிடக் கூடாதென்று செய்தது போலிருக்கும். பாறையிலிருந்து சூடு செருப்பைத் துளைத்து மேலே வந்தது. மயில் ஒன்று எங்கிருந்தோ அகவியது. முதலில் அழகாக இருந்தது. பத்தாவது முறை கேட்டபோது யாரோ கடன்காரன் வாசலில் நின்று கூப்பிடுவதுபோல் ஆகிவிட்டது.

ஒரு படியில் எறும்புச் சாரி குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. சிநேகிதி நின்றாள். பின்னால் நாங்களும் நின்றோம்.

"எறும்புக்கெல்லாம் வழிவிட்டுக்கினு இருந்தா எப்பத் தங்கச்சி மேல போறது?" என்றார் இவர்.

"அதுங்க நமக்கு முந்தி வந்துதுங்கண்ணே. நம்மதான் நடுவுல பூந்துட்டோம்."

ஓரமாக ஒரு காலடி இடம் கண்டுபிடித்து ஏறினாள். நாங்களும் அதே இடத்தில் கால் வைத்து ஏறினோம். கமலக்கண்ணியம்மன் கோயிலில் உட்கார்ந்தபோது குரங்குக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. கைகளை விரித்துக் காட்டினோம். ஒரு கிழட்டுக் குரங்கு இவர் எதிரில் வந்து உட்கார்ந்து பைனாகுலரை நெடுநேரம் பார்த்தது. இவர் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குமேல் உச்சிவரை அவர் கர்ப்பவதி மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினார்.

உச்சிக்கு முன்னால் மலை பிளந்துகிடக்கிறது. பிளவின் மேல் பலகைப் பாலம். நடுவில் நான் கீழே பார்த்துவிட்டேன், முட்டி அப்போதுதான் முதன்முதலாக என்னிடம் பேசியது. சிநேகிதி என் முழங்கையைப் பிடித்தாள். "கீழ பாக்காதடி. அடுத்த பலகையப் பாரு." ஆயுள் முழுக்க அவள் அப்படித்தான் நடந்திருக்கிறாள் என்று தோன்றியது.

மேலே ரங்கநாதர் கோயிலின் நிழலில் சரிந்து உட்கார்ந்தோம். பசி வந்து, வந்த பசி அலுத்துப்போய்த் திரும்பிவிட்டது. அவள் சொம்பில் இருந்த தண்ணீரை மூன்று பேரும் பங்கிட்டோம். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானும் இவரும்தான் அதிகம் குடித்தோம்.

அப்போதுதான் கழுகுகளைப் பார்த்தேன். அதுவரை கழுகென்றால் அண்ணாந்து பார்க்கிற ஒரு கரும்புள்ளி. இங்கே அவை எங்களுக்குக் கீழே பறந்தன. பறக்கிற பறவையின் முதுகை அன்றுதான் கண்டேன். பழுப்பு இறகுகள் வெயிலில் பளபளக்க, சிறகை ஒருமுறைகூட அடிக்காமல், காற்றில் சாய்ந்து, காற்றிலேயே திரும்பி. இத்தனை வருஷம் கொல்லையில் நின்று அடிவயிற்றை மட்டும் பார்த்திருக்கிறேன்.

"அதோ! அதோ!" என்றார் இவர்.

இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது. தெற்கே சந்திரகிரிச் சரிவில், ஒரு பாறைத் திட்டின்மேல், மஞ்சளாக ஏதோ படுத்திருந்தது. பைனாகுலரில் நானும் பார்த்தேன். முதுகு மாதிரியும் இருந்தது, தலை மாதிரியும் இருந்தது.

"எழுந்திருக்கும் பாரு. வெய்யில் தாழ்ந்தா எழுந்திருக்கும். அசையாம ஒக்காருங்க."

உட்கார்ந்தோம். அவர் தெற்கே பார்த்தார். சிநேகிதி எழுந்து கிழக்கு மதிலோரம் போனாள். நான் அவள் பின்னால் போனேன். அதற்காகத்தானே வந்தது.

கீழே செஞ்சி கிடந்தது. ஓடுகளும் கூரைகளும் நடுவே கடைத்தெருவும். எங்கள் வீட்டுக் கொல்லையைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் உலர்ந்த மிளகாய் ஒரு சிவப்புச் சதுரமாகத் தெரிந்ததால்தான் அடையாளம் பிடிக்க முடிந்தது. ஊரைத் தாண்டி, தண்ணீர் வற்றிய ஆறு வெள்ளை மணல் கோடாக வளைந்து கிடந்தது. அதற்கு அப்பால் வயல், பனை, புழுதி. அவள் ஊர் எங்கோ அந்தப் புழுதிக்குள்.

இவரிடமிருந்து பைனாகுலரைக் கெஞ்சி வாங்கி அவளிடம் கொடுத்தேன். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துக் கண்ணில் வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுடி இது. எல்லாம் தூரமாப் போயிடுச்சி."

"திருப்பிப் பிடிடி, அசடு."

"இருக்கட்டும். எனக்கு இதே போதும்."

திருப்பிக் கொடுத்தபின் வெறுங்கண்ணால் பார்த்தாள். எங்கள் கொல்லையைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள், மறுபடி கொல்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மலைன்னு வெச்சுக்கோடி" என்று வாய்வரை வந்தது. கெஞ்சிக் கேட்டு வாங்குகிற விஷயமா அது? விழுங்கிக்கொண்டேன்.

மலையின் நிழல் இறங்குவதை நான்தான் முதலில் பார்த்தேன் என்று நினைத்தேன். எங்கள் முதுகுப்பக்கம் சூரியன் சாய, ராஜா கோட்டையின் நிழல் நீண்டு அடிவாரத்து மதிலைத் தாண்டியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் செஞ்சியை நோக்கிப் போயிற்று. மிளகாய்ச் சதுரம் சட்டென்று அணைந்தது. எங்கள் கொல்லை இருட்டிற்று. நிழலின் முனை ஆற்றைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. அழகில் சொக்கிப்போய் நின்றவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

"ஐயோ, நீ சாப்பிடலியேடி! பொழுது போவுதே!"

"பாத்துக்கினுதான் இருக்கேன்" என்றாள்.

"சொல்லக்கூடாதா?"

"அண்ணன் ஆசையா ஒக்காந்திருக்காரு. எப்பிடிக் கூப்பிடறது?"

இவரை இழுத்துக்கொண்டு கிளம்பினோம். போகும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சந்திரகிரிச் சரிவிலும் வெயில் போயிருந்தது. மஞ்சளாக இருந்தது சாம்பலாகி, அதே இடத்தில் அதே மாதிரி படுத்திருந்தது. கல்.

ஏறும்போது மூச்சு வாங்கியது. இறங்கும்போது எலும்பு வாங்கியது. முழங்கால் உயரப் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். அவள் அவசரத்திலும் குனிந்துதான் நடந்தாள். எறும்புச் சாரி இருந்த படியில் நின்று பார்த்தாள், அவை போய்விட்டிருந்தன. அம்மன் கோயிலைத் தாண்டும்போது வானம் சிவந்தது. அடிவாரத்துக்கு வருமுன் சிவப்பும் வடிந்துவிட்டது.

காவல்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார். "ராத்திரிக்கு மேலயே தங்கிட்டீங்கன்னு நெனச்சேன். சிறுத்த கெடச்சுதா?"

இவர் குனிந்து செருப்பிலிருந்த கல்லை உதறினார். வாசலருகே ஒரு கல்லில் சிநேகிதி உட்கார்ந்தாள். உதடு வெடித்திருந்தது. நான் கூடையைத் திறந்து இலையைப் பிரித்தேன். எலுமிச்சை வாசனை வந்தது.

"இன்னும் வெளிச்சம் இருக்குது தங்கச்சி. ரெண்டு வாய் போட்டுக்க. யாரு பாக்கப்போறா?" என்றார் இவர்.

"வெளிச்சம் இருக்குதுண்ணே. சூரியன் இல்லியே."

"தண்ணியாவது?" என்றேன்.

வேண்டாமென்று தலையை ஆட்டினாள். காலையில் அவள் ஊரில் சாப்பிட்டது. இனி மறுநாள் காலைவரை ஒன்றும் கிடையாது. இவர் பைனாகுலரைக் கழற்றிக் கூடைக்குள் போட்டார். "பாழாப்போன கல்லு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார். எங்களுக்கும் இறங்கவில்லை. சோற்றைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டோம். அவர் கூச்சப்பட்டுக்கொண்டே வாங்கி, வறுவல் நல்லா இருக்குதும்மா என்றார்.

"முடிவு பண்ணிட்டேண்டி" என்றாள் சிநேகிதி. "ஆறு."

நான் கூடையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"மலைன்னு வெச்சிட்டா தெனம் வரலாம்னு மனசு சொல்லும். வந்தா நீ சோறு கட்டுவ, அண்ணன் சிறுத்த காட்டுவாரு, பொழுது போனதே தெரியாது. தெரிஞ்சாலும் வாய் தொறந்து கூப்பிடமாட்டேன். என் கொணம் அது. இனிமே அந்த ஓட்டம் என்னால ஆவாதுடி. மேல நின்னு பாத்தேன், உன் வூட்டுக் கொல்ல எம்மாங் கிட்டத்துல இருக்குது! கிட்டத்துல இருக்குதுன்னுதான பயமா இருக்குது."

"அப்ப நானு?"

"கோடு எனக்குத்தான. ஒனக்கு இன்னா? பஸ் இங்கேந்துந்தான் கெளம்புது." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஊரு ஊரா மனசால சுத்தறவ, ஒருதரம் காலால வாயேன்."

அவள் சொன்னதில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்கு அழுகை வந்தது. கடை, வீடு, பண்டிகை, விருந்தாளி, யார் பார்த்துக்கொள்வது என்று எத்தனையோ இருந்தது சொல்ல.

இவர் தொண்டையைக் கனைத்தார். "சரி தங்கச்சி. ஆறுதான். வெல முடிஞ்சுது."

"முடிஞ்சுதுண்ணே."

"கொசுறு?"

"இன்னா கொசுறு?"

"இத்தன வருசமா எங்க கடையில பருப்பு வாங்கிட்டு, ஒரு துண்டு வெல்லமாவது கொசுறு கேக்காம நீ படி எறங்கியிருக்கியா? இன்னிக்கு நான் கேக்கறேன். ஆறுன்னா எந்தக் கர? உங்க கரையா, எங்க கரையா? எங்க கரைன்னு சொல்லு. நடுவுல இருக்கற ஆத்தக் கொசுறாப் போடு."

அந்த அரையிருட்டில் அவள் சிரித்தது கேட்டது. "விரதத்துல கொசுறு கேக்கற ஆள இப்பத்தான் பாக்கறேன்."

"யாவாரி வேற எப்பிடிக் கேப்பான்?"

சிரிப்பு அடங்கிய பிறகு யோசித்தாள். இவர், மூட்டைக்கு விலை சொல்லிவிட்டுக் காத்திருக்கும்போது செய்கிற மாதிரி, எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். "வெறும் வவுத்துல கோடு போடக் கூடாது" என்றாள் கடைசியில். "காலைல சொல்றேன்."

அன்றிரவு எங்கள் வீட்டில் தங்கினாள். விடிந்து, கொல்லைச் சுவருக்கு மேல் சூரியன் முழுசாக வரும்வரை அடுக்களைப் படியில் உட்கார்ந்திருந்தாள். நான் ஆணியிலிருந்து துணியை எடுத்து வடிகட்டிக் கொடுத்தேன். சொம்பு முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு கடைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அண்ணே! போட்டேன் போங்க. பாலத்துக் கைப்புடிச் சொவுரு எங்க முடியுதோ, உங்க பக்கம், அது வரைக்கும்."

உள்ளே தராசுத் தட்டு டங்கென்று தரையில் பட்டது. அதுதான் இவருடைய பதில்.

ஆணியிலிருந்த வெள்ளைத் துணியைப் போகும்போது அவள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

தேர் முடிந்தது. விரதம் எடுத்துவிட்டாள் என்று மல்லாட்டை மூட்டையோடு வந்த அவள் மகன் சொன்னான். ஆற்றுப் பாலத்துக்கு வரச்சொல்லி அவனிடமே ஒரு நாள் குறித்துச் சொல்லி அனுப்பினேன். அந்த நாள் மத்தியானம், முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, நடந்தே ஆற்றுக்குப் போனேன். கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் நாலு பேர் "எங்கம்மா, தனியா?" என்று கேட்டுவிட்டார்கள். ஆத்துக்கு என்றேன். துவைக்கத் துணிகூட இல்லாமல் ஆற்றுக்கு எதற்கு என்று அவர்கள் யோசிப்பது முதுகில் தெரிந்தது.

பஸ் அக்கரையில் நின்று அவளை இறக்கிவிட்டுப் போனது. பாலத்தின்மேல் குனிந்த தலையோடு நடந்து வந்தாள். கைப்பிடிச் சுவர் முடிகிற இடத்தில் நின்றாள்.

"வாடி" என்றேன், பழக்கதோஷத்தில்.

குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தாள். சுவரின் முனைக்குச் சரியாக ஒரு சாண் உள்ளே இருந்தன. நிமிர்ந்து சிரித்தாள். நான்தான் உள்ளே போனேன்.

அவள் பக்கமாகவே இறங்கி, பாலத்தின் நிழலில் மணலில் உட்கார்ந்தோம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் "அப்பாடா" என்றோம். ஆணியில் தொங்கிய அந்த வெள்ளைத் துணி கட்டிய சொம்பையும் தூக்குவாளியையும் எடுத்து வைத்தேன்.

"அண்ணனுக்குச் சிறுத்த கெடச்சுதா?"

"இல்ல. இப்ப கரடின்னு சொல்றாரு."

அவள் மேற்கே பார்த்தாள். நான் சுண்டல் வாளியின் மூடியைத் திறந்தேன். கோட்டை மலைக்கு மேலே சூரியன் இன்னும் நல்ல உயரத்தில் நின்றது. அவள் காலை நீட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் சாப்பிட ஆரம்பித்தாள்.